ஸ்கிரம்மில் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர் உண்மையிலேயே தள்ளுகிறாரா? கண்டுபிடிப்பது எப்படி?

ரக்பி ஆட்டம் முடிந்ததும் ட்ரை போட்டவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசி நிமிடத்தில் டேக்கிள் செய்து அணியைக் காப்பாற்றியவர் பெயரும் தெரியும். ஆனால் ஸ்கிரம்மில் முன்வரிசைக்குப் பின்னால் குனிந்து, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு தள்ளும் அந்த இரண்டு பேர் நன்றாக ஆடினார்களா?

"நல்ல உயரம், நல்ல உடம்பு. கண்டிப்பா தள்ளியிருப்பான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பள்ளி அணித் தேர்விலும் பல நேரம் இதுதான் நடக்கிறது. லைன்அவுட்டில் எத்தனை பந்து பிடித்தார், எத்தனை டேக்கிள் செய்தார் என்று எண்ணுகிறார்கள். ஸ்கிரம் வேலையை யாரும் எண்ணுவதில்லை.

இதனால் இரண்டு கெடுதல். முதலாவது, உண்மையாக உழைத்தவர் அணியிலிருந்து கழற்றிவிடப்படலாம். இரண்டாவது, ஸ்கிரம் சரிந்தால் பழி முழுக்க முன்வரிசை மீது விழும். அந்தச் சரிவில் ஆபத்தில் இருப்பதும் முன்வரிசையில் இருப்பவரின் கழுத்துதான்.

அப்படியானால் எதைப் பார்த்து மதிப்பிடுவது? முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

யார் இந்த 'லாக்'?

15 பேர் ஆடும் ரக்பியில் ஓர் அணியிலிருந்து 8 பேர் ஸ்கிரம்மில் சேர்வார்கள். முன்வரிசையில் 3 பேர். நடுவில் ஹூக்கர், அவருக்கு இரண்டு பக்கமும் ப்ராப். இடது ப்ராப்பை லூஸ்ஹெட் என்பார்கள், வலது ப்ராப்பை டைட்ஹெட் என்பார்கள்.

அவர்களுக்குப் பின்னால் நடுவில் இருக்கும் இருவர்தான் லாக்குகள். 4, 5 எண் சட்டை அணிந்தவர்கள். இவர்களையே இரண்டாம் வரிசை என்கிறோம். இவர்களுக்கு வெளிப்பக்கம் இரண்டு ஃபிளாங்கர்கள், கடைசியில் நம்பர் எயிட்.

ஒரு லாக்கின் தலை ப்ராப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவில் நுழையும். வெளித்தோள் ப்ராப்பின் இடுப்புக்குக் கீழே பதியும், உள்தோள் ஹூக்கரின் மேல் பதியும். ஒரு கை பக்கத்து லாக்கைக் கட்டிப் பிடித்திருக்கும். இன்னொரு கை முன்னாலிருக்கும் ப்ராப்பைப் பிடித்திருக்கும்.

பொதுவாக, இருவரில் கனமானவரை டைட்ஹெட் பக்கம் நிறுத்துவார்கள். காரணம் இருக்கிறது. லூஸ்ஹெட்டின் ஒரு தோள் வெளியே சுதந்திரமாக இருக்கும். டைட்ஹெட்டின் இரண்டு தோள்களும் எதிரணியின் இரண்டு ஆட்களுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும். பாரம் அங்கேதான் அதிகம். 4 எண்ணா, 5 எண்ணா எந்தப் பக்கம் நிற்பார் என்பது அணிக்கு அணி மாறும். அதனால் சட்டை எண்ணை விட்டுவிட்டு, அவர் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்று பாருங்கள்.

கோலாலம்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. அதுவும் நெருங்கிய சம்பந்தம்.

இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று அழைக்கப்படும் பாடாங், ஒரு காலத்தில் 1884-ல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப்பின் விளையாட்டுத் திடல். கிரிக்கெட்டோடு ரக்பியும் அங்கே ஆடப்பட்டது. 1921-ல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் குழுவினர் கொடுத்த கோப்பை, மலாயா மாநிலங்களுக்கிடையிலான ரக்பிப் போட்டிக்கு அடித்தளமானது.

ஆனால் நமக்கு இங்கே முக்கியமானது 1967. அந்த ஆண்டு பெட்டாலிங் ஜெயாவைச் சேர்ந்த கோப்ரா கிளப் 10 பேர் ஆடும் ரக்பியை அறிமுகப்படுத்தியது. பல பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அமைத்த கிளப் அது. 'டென்ஸ்' என்று இன்று பல நாடுகளில் ஆடப்படும் வடிவம் பிறந்தது நம் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான்.

இப்போது இந்தக் கணக்கைக் கவனியுங்கள்.

செவன்ஸ் ஆட்டத்தில் ஸ்கிரம்முக்கு ஓர் அணியிலிருந்து 3 பேர். இரண்டாம் வரிசையே கிடையாது. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் செவன்ஸ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஜோனா லோமு ஆடிய நியூசிலாந்து தங்கம் வென்றது. அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஸ்கிரம் என்றால் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் ஒரு சடங்கு என்று நினைத்தால் ஆச்சரியம் இல்லை.

15 பேர் ஆட்டத்தில் 8 பேர். லாக்குகளை ஃபிளாங்கர்கள் மறைத்துவிடுவார்கள்.

டென்ஸ் ஆட்டத்தில் 5 பேர். முன்வரிசை 3, லாக் 2. அவ்வளவுதான். ஃபிளாங்கரும் இல்லை, நம்பர் எயிட்டும் இல்லை. முன்வரிசைக்குப் பின்னாலிருந்து வரும் தள்ளல் முழுவதும் அந்த இரண்டு லாக்குகளுடையது. பக்கக்கோட்டில் நின்றாலே அவர்கள் காலிலிருந்து தோள்வரை தெரியும்.

லாக்கை மதிப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

கார் தள்ளிய அனுபவம் உண்டா?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நடு ரோட்டில் ஒரு பழைய கார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இறங்கித் தள்ளுகிறார்கள்.

ஒருவர் முன்னதாகத் தள்ளி, மற்றவர் பிறகு தள்ளினால் கார் அசையாது. முழங்கையை மடக்கிக்கொண்டு தள்ளினால் விசை கையிலேயே நின்றுவிடும். ஒருவர் நேராகவும் இன்னொருவர் கோணலாகவும் தள்ளினால் பாதி பலம் வீண். மழை பெய்து ரோடு வழுக்கினால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கால்தான் பின்னால் போகும்.

லாக்கின் வேலையும் இதேதான். ஒரு வித்தியாசம், இங்கே காருக்குப் பதிலாக முன்னால் இருப்பது ஒரு மனிதரின் முதுகு.

2000-ஆம் ஆண்டில் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்று இதை அளந்து காட்டியது. ஸ்கிரம் எந்திரத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தள்ளிய விசையைக் கூட்டினார்கள். பிறகு 8 பேரும் சேர்ந்து தள்ளியபோது கிடைத்த விசையை அளந்தார்கள். அந்தக் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ 65 சதவீதம்தான் மிஞ்சியது. மூன்றில் ஒரு பங்கு நடுவிலேயே காணாமல் போய்விட்டது.

எங்கே போனது? தளர்ந்த பிடியில், வளைந்த முதுகில், நேரம் தவறிய தள்ளலில், வழுக்கிய காலில்.

ஆக, லாக்கிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பலம்?" என்பது மட்டும் அல்ல. "அந்தப் பலத்தில் எவ்வளவு முன்னால் இருப்பவரிடம் போய்ச் சேருகிறது?" என்பதும்தான். உடல் எடை உதவும், சந்தேகமில்லை. ஆனால் எடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அடைபட்டிருந்தால் எடை இருந்தும் பயனில்லை.

உயரத்துக்கும் ஒரு வார்த்தை. உயரமான ஆட்டக்காரர்களை லாக்காகப் போடுவது முக்கியமாக லைன்அவுட்டுக்காக. ஸ்கிரம்மில் நீளமான கால்கள் சிக்கலாகக்கூட மாறும், தாழ்ந்து உட்கார்வது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

1. நடுவர் 'செட்' சொல்லும் முன்

'க்ரௌச், பைண்ட், செட்' என்று நடுவர் மூன்று கட்டளை கொடுப்பார். இந்த முறை 2013-ல் வந்தது. அதற்கு முன்பு இரண்டு அணிகளும் தூரத்திலிருந்து பாய்ந்து மோதிக்கொள்ளும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு, முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் இந்த முறையால் மோதல் விசை சுமார் 25 சதவீதம் குறைகிறது என்று காட்டியது.

மோதல் குறைந்ததால் தயாரிப்பின் மதிப்பு கூடிவிட்டது. 'க்ரௌச்' சொல்லும்போதே லாக்கின் கால்கள் இடத்தில் பதிந்திருக்கின்றனவா? தோள் ப்ராப்போடு ஒட்டியிருக்கிறதா? இரண்டு லாக்குகளும் ஒரே ஆள் மாதிரி இறுக்கமாக இருக்கிறார்களா? 'செட்' சொன்ன பிறகும் ஒருவர் காலை நகர்த்தி இடம் தேடிக்கொண்டிருந்தால், அந்த ஸ்கிரம்மில் அவர் பங்கு பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

2. முதுகும் முழங்காலும்

முதுகு மேசை மாதிரி நேராக இருக்க வேண்டும். வளைந்த முதுகு, மடங்கிய முழங்கை மாதிரிதான். காலிலிருந்து வரும் விசை வளைவிலேயே கரைந்துவிடும்.

முழங்கால் மடங்கி, தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஸ்கிரம் தொடங்கும்போதே கால் நீட்டிக்கிடந்தால் அவரிடம் தள்ளுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அவர் வெறுமனே சாய்ந்துகொண்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் முழங்காலைக் கவனிக்கச் சொல்கிறோம்.

3. கால்

இங்கே சாயங்காலம் மழை வராத வாரம் எது? ஈரத்திடலில் லாக்கின் பூட்ஸைக் கவனியுங்கள். ஆணிகள் தரையில் குத்தி நிற்கின்றனவா, இல்லை கால் பின்னால் வழுக்கி வழுக்கித் திரும்ப வருகிறதா? ஸ்கிரம் நகரத் தொடங்கினால் சின்னச் சின்ன அடியாக வைப்பவர் நல்லவர். பெரிய அடி வைத்தால் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். எதிரணி அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருக்கும்.

4. பிடி

கபடியில் சங்கிலி போட்டுப் பிடிக்கும்போது ஒரு கை தளர்ந்தால் ரைடர் தப்பிவிடுவார் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். லாக்குகள் முன்னாலிருக்கும் ப்ராப்பைப் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ப்ராப்பின் இடுப்புக்கும் லாக்கின் தோளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் பிடி விட்டுவிட்டது. ட்ரை கோட்டுப் பக்கம் நின்று பின்னாலிருந்து பார்த்தால், இரண்டு லாக்குகளின் இடுப்பும் ஒரே உயரத்தில், ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் இருவரும் ஆளுக்கொரு திசையில் தள்ளுகிறார்கள்.

5. இரண்டாவது தள்ளல்

பந்து ஸ்கிரம்-ஹாஃபின் கையை விட்டு உள்ளே போகும்வரை யாரும் தள்ளக்கூடாது. முந்திக்கொண்டால் ஃப்ரீ கிக். பந்து உள்ளே போனதும் முதல் தள்ளலை எல்லாரும் கொடுப்பார்கள். அது நின்றுபோய், எதிரணி திருப்பித் தள்ளும் நேரத்தில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. ஓடத் தயாராகத் தலையைத் தூக்கிப் பந்தைத் தேடுகிறாரா? அல்லது பந்து வெளியேறும்வரை அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கிறாரா?

எல்லாவற்றுக்கும் மேல்: ப்ராப்பைப் பாருங்க

லாக்கை மதிப்பிட லாக்கை மட்டும் பார்த்தால் போதாது. அவருக்கு முன்னால் இருப்பவரைப் பார்க்க வேண்டும்.

பின்னாலிருந்து நேரான, நிலையான தள்ளல் வந்தால் ப்ராப்பின் இடுப்பு ஆடாது. முதுகு நேராக இருக்கும். எதிராளியோடு மட்டும் போராடினால் போதும். தள்ளல் கோணலாக வந்தால் ப்ராப்பின் இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கும், அவர் கோணலாகத் திரும்புவார். நடுவர் விசில் ஊதி ப்ராப்புக்கு எதிராகப் பெனால்டி கொடுப்பார். கூட்டம் "என்னடா இந்த ப்ராப்!" என்று கத்தும். ப்ராப்பே தவறு செய்திருக்கலாம், அதுவும் நடப்பதுதான். ஆனால் கோணல் எங்கே ஆரம்பித்தது என்று ஒரு வரிசை பின்னால் போய்ப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது.

பெருமையும் இப்படித்தான் இடம் மாறும். 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், யோகோஹாமாவில், தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32-12 என்று வென்றது. இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்ளர் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதில் வந்த டேன் கோல், லூஸ்ஹெட் டெண்டாய் ம்டவாரிராவிடம் திணறியதை எல்லாரும் பேசினார்கள்.

ம்டவாரிரா அந்தப் பாராட்டுக்குத் தகுதியானவர்தான். ஆனால் அந்த ஆட்டத்தை யூடியூபில் மறுபடி பார்த்தால், ஸ்கிரம்மில் அவர்களுக்குப் பின்னால் இருந்த லாக்குகளையும் கவனியுங்கள். எபன் எட்ஸெபெத்தும் லூட் டி யாகரும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். டி யாகர் முதல் பாதியிலேயே காயத்தால் வெளியேற, ஃபிராங்கோ மோஸ்டர்ட் வந்தார். ஒரு லாக் மாறிய பிறகும் ஸ்கிரம்மின் பலம் குறையவில்லை. அது எப்படி முடிந்தது என்று கேட்டுக்கொண்டு பார்த்தால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

ஆள் மாற்றம் உண்மையில் நல்ல சோதனை. முன்வரிசை அதே மூன்று பேர், எதிரணியும் அதே ஆட்கள், லாக் மட்டும் மாறுகிறார் என்றால் அதற்கு முன்னும் பின்னும் நடந்த ஸ்கிரம்களை ஒப்பிடுங்கள். இதைவிட நியாயமான அளவுகோல் திடலில் அபூர்வம்.

நிறுத்தத் தெரிகிறதா?

பெரும்பாலான மதிப்பீடுகளில் விட்டுப்போவது இதுதான்.

முன்வரிசை சரியும்போது அவர்கள் தலையும் கழுத்தும் தரைக்கும் எதிரணிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு தள்ளலும் அந்தக் கழுத்தின் மேல்தான் இறங்கும். முதுகுத்தண்டில் காயம் ஏற்படும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. விசில் கேட்டதும், ஏன், விசிலுக்கு முன்பே முன்னால் இருப்பவர் சரிவதைத் தோளில் உணர்ந்ததும், தள்ளலை நிறுத்துகிறவர்தான் நல்ல லாக்.

19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்கிரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்று உலக ரக்பி விதி வைத்திருப்பதும் இளம் கழுத்துகளைக் காப்பாற்றத்தான். பள்ளி ஆட்டத்தில் எதிரணியை 5 மீட்டர் தள்ளிக்கொண்டு போனவருக்குக் கைதட்டாதீர்கள். அது அங்கே விதிமீறல்.

நாமே குறித்து வைக்கலாமா?

தாராளமாக. ஒரு தாளும் பேனாவும் போதும். ஒரு லாக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஸ்கிரம்முக்கும் ஆம், இல்லை என்று மட்டும் குறியுங்கள்.

'செட்' சொல்லும்போது கால்கள் பதிந்திருந்தனவா?

முதுகு நேராகவும் முழங்கால் மடங்கியும் இருந்ததா?

பிடி கடைசிவரை விடாமல் இருந்ததா?

முன்னாலிருந்த ப்ராப்பின் இடுப்பு நேராக இருந்ததா?

பந்து வெளியேறும்வரை அழுத்தம் இருந்ததா? சரிந்திருந்தால், உடனே நிறுத்தினாரா?

ஸ்கிரம் வென்றதா தோற்றதா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். எதிரணி 60 கிலோ கூடுதலாக இருந்தால் ஐந்து கேள்விக்கும் 'ஆம்' வாங்கிய லாக்கும் பின்னால் தள்ளப்படலாம். ஹூக்கர் பந்தைச் சட்டென்று காலால் பின்னால் தட்டிவிட்டால் லாக் எதுவும் செய்யாமலேயே ஸ்கிரம் வெற்றிபெறும்.

ஒரே ஒரு ஸ்கிரம்மை வைத்தும் முடிவு சொல்லாதீர்கள். ஒரு முறை கால் வழுக்குவது யாருக்கும் நடக்கும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியிலும் அதே குறிகள் வருகின்றனவா என்று பாருங்கள். களைப்பு வந்தால் முதலில் வளைவது முதுகு.

முதல் தடவை முயற்சி செய்ய டென்ஸ் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாதிக்கு 10 நிமிடம்தான். பக்கக்கோட்டில், ஸ்கிரம்முக்கு நேர் பக்கவாட்டில் நில்லுங்கள். 15 பேர் ஆட்டம் என்றால் ஃபிளாங்கர் மறைப்பார், முடிந்தால் ட்ரை கோட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் உங்கள் தாளைச் சரிபார்க்க ஓர் ஆள் இருக்கிறார். அந்த அணியின் ப்ராப். "அண்ணே, உங்களுக்குப் பின்னால யார் இருந்தா நல்லாயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயர், லைன்அவுட்டில் எல்லாரும் கைதட்டிய ஆளுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.